மொடக்குறிச்சியின் தீர்ப்பு

கேள்வி: கிராமத்து ஜனங்கள் ஆளைப் பார்த்து ஓட்டுப் போடுகிறார்களா, சின்னத்தைப் பார்த்தா?

பதில்: 1996 சட்டசபைத் தேர்தலில், ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சித் தொகுதியில், தங்கள் குறைகளைச் சர்க்கார் செவிமடுக்கவில்லையென்ற ஆத்திரத்தில் விவசாயிகள் திரள் திரளாக மனுத்தாக்கல் செய்ய, 1,033 பேர் களத்தில் நின்று, வாக்குச்சீட்டே புஸ்தக ரூபம் எடுத்துவிட, அதைப் புரட்டிப் புரட்டித் தம் அபிமானச் சின்னத்தைத் தேடிப் பிடித்த மகாஜனங்கள், மாகாணமெங்கும் அடித்த அலையை அனுசரித்து உதயசூரியனையே ஜெயிக்க வைத்தார்கள். 88 பேருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. அயலூர்க்காரர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், வேட்பாளரே தமக்குப் போட்டுக்கொள்ளவில்லை, வீட்டுச் சம்சாரமும் போடவில்லை என்றுதானே அர்த்தம்! அந்த அமர்க்களத்துக்குப் பிறகுதான், சட்டசபை வேட்பாளரின் டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று.