பி1000, ஜிஆர் 3: ஓர் ஒப்பாய்வு (மூடியியல் உட்பட)

ஒப்பாய்வு என்பது இரண்டு பொருள்களை எடுத்துக்கொண்டு, முதல் பாதியில் ஒற்றுமைகளையும் மறுபாதியில் வேற்றுமைகளையும் எழுதி, இரண்டுக்கும் இடையே ஒற்றுமையும் வேற்றுமையும் உள்ளன என்று முடிவுரையில் கண்டுபிடிப்பது. இந்த நெறியில் இம்மியும் பிசகாமல், வாங்குவதா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருக்கும் இரண்டு கேமராக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

இயல் 1: ஆய்வுப் பொருள்

முதலாவது, நிகான் நிறுவனம் 2018இல் வெளியிட்ட கூல்பிக்ஸ் பி1000. எடை 1,415 கிராம். 125 மடங்கு ஜூம். இரண்டாவது, ரிக்கோ நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஜிஆர் 3. பேட்டரி, மெமரி கார்டு எல்லாம் சேர்த்து 257 கிராம். ஜூமே கிடையாது. அகலப் பார்வை கொண்ட 28 மி.மீ. கணக்கில் ஒரே லென்ஸ்; பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் நாம்தான் நடந்து கிட்டே போக வேண்டும். முறைப்படி 28ஐ 28ஆல் வகுத்தால் இதுவும் 1 மடங்கு ஜூம்தான். ஆக ஜூம் உண்மையில் இரண்டு கேமராவுக்கும் உண்டு (முதல் ஒற்றுமை).

இந்த இரண்டையும் எதற்கு ஒப்பிட வேண்டும் என்று கேட்பவர் ஆய்வுலகம் அறியாதவர். ஒப்பிடத் தகுந்த இரண்டை ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். விடை கிடைத்துவிட்டால் மேலாய்வுக்கு இடமில்லை.

இயல் 2: முன்னாய்வுகள்

யூடியூபில் உள்ளன, எல்லாம் 'உங்கள் தேவையைப் பொறுத்தது' என்று முடிகின்றன.

இயல் 3: திணை

பி1000 பாலைத் திணைக்குரியது. பிரிவே உரிப்பொருள், படமெடுக்கப்படுவது எப்போதும் தொலைவிலேயே இருக்கிறது. கருப்பொருள்கள்: வேடந்தாங்கல் கூழைக்கடா, எதிர்வீட்டுத் தண்ணீர்த்தொட்டி மேல் அமர்ந்த கரும்பருந்து, நிலா. சிறுபொழுது விடியற்காலை, வெயில் ஏறினால் கானல் எழும்பி, தூரத்துப் பறவை தண்ணீருக்குள் கிடப்பது போல் நெளியும். இதற்கு எந்த லென்ஸும் பொறுப்பேற்காது.

ஜிஆர் 3 குறிஞ்சி. கூடலே உரிப்பொருள். கருப்பொருள்கள்: டீ கிளாஸ், பூ கட்டும் விரல், பஸ் ஜன்னல். ஜப்பானின் டைடோ மொரியாமா ஜிஆர் வரிசைக் கேமராக்களோடு டோக்கியோவின் ஷிஞ்சுகு தெருக்களில் அலைந்து படமெடுத்தவர். அவர் பெயரைச் சொன்னாலே நினைவுக்கு வருவது மிசாவாவில் அவர் எடுத்த தெருநாய்ப் படம். அது 1971; ஜிஆர் பிறப்பதற்கு வெகு முன்பு. எனவே இச்சான்று காலவழு என்று யாரேனும் மறுப்புக் கட்டுரை எழுதக்கூடும். எழுதட்டும், அவருக்கும் பதவி உயர்வு வேண்டுமல்லவா.

முல்லை, மருதம், நெய்தல் மூன்றுக்கும் செல்பேசியே போதும்.

இயல் 4: காணாமல் போன 2,461 மில்லிமீட்டர்

பி1000இன் ஜூம் 3000 மி.மீ. வரை போகும் என்பது விளம்பரம். உள்ளே இருக்கும் லென்ஸின் உண்மையான குவியத்தூரம் அதிகபட்சம் 539 மி.மீ. மிச்சம் 2,461 எங்கே?

விடை சென்சாரில் இருக்கிறது. பழைய பிலிம் சட்டம் 36 × 24 மி.மீ. பி1000இன் சென்சார் ஏறத்தாழ 6.2 × 4.6 மி.மீ.; ஒன்றரைக் கிலோவை எட்டும் கேமராவுக்குள் ஒரு துவரம்பருப்பு. லென்ஸ் வரைந்து தரும் காட்சியில் அந்தப் பருப்பளவை மட்டும் வெட்டி எடுத்துப் பார்ப்பதால் 539ஆனது 3000 போலத் தெரிகிறது. இதைப் பித்தலாட்டம் என்று சொல்லிவிட முடியாது. பிலிம் அளவுச் சென்சாருக்கு நிஜமாகவே 3000 மி.மீ., எஃப் 8 லென்ஸ் செய்தால் அதன் வாய் குவியத்தூரத்தில் எட்டில் ஒரு பங்காக 375 மி.மீ. இருக்க வேண்டும், அதாவது ஏறக்குறைய ஒன்றேகால் அடி. தூக்கிக்கொண்டு போக ஆள் வைக்க வேண்டும். சென்சார் சின்னதாக இருப்பதுதான் இந்தக் கேமராவின் மூலதனம்.

ஜிஆர் 3இன் சென்சார் 23.5 × 15.6 மி.மீ. பரப்பில் பருப்பைப் போல் 13 மடங்கு. மாலை ஏழு மணித் தெருவிளக்கில் இதன் படம் தெளிவாக வரும். பி1000இன் படத்தில் ரவை தூவியிருக்கும். (இந்த இயலில் இதுவரை சொன்னவை எல்லாம் உண்மை. ஆய்வேட்டில் எப்படியோ நுழைந்துவிட்டன.)

களப்பணி மைத்துனர் வீட்டு மொட்டைமாடியில் நடந்தது. பி1000இன் டயலில் நிலாவுக்கென்று ஒரு படமும் பறவைக்கென்று ஒரு படமும் பொறித்திருக்கிறார்கள். நிலாவில் வைத்து முழு ஜூம் போட்டால், பௌர்ணமி நிலா சட்டத்தின் உயரம் முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. "மாமா, குழி தெரியுது பாருங்க!" (மைத்துனர், வாய்மொழி, மொட்டைமாடி). நான் கண்ணை வைத்தபோது பாதி நிலாதான் இருந்தது. பூமி சுழல்வதால் இரண்டே நிமிடத்தில் நிலா தன் அகல அளவுக்கு நகர்ந்துவிடும். சாதாரணக் கண்ணுக்கு இது தெரிவதில்லை, பி1000 வைத்திருப்பவருக்கு மட்டும் நிலா ஓடுகிறது. "இப்பதான் இருந்துச்சு" (மேலது). லென்ஸின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கிப் பிடித்தால் ஜூம் சற்றுப் பின்வாங்கி, தொலைந்த பொருளைத் தேட இடம் கொடுக்கும். "அதை அமுக்குங்க, அது இல்ல, அது" (மேலது, சற்று உரக்க).

ஜிஆர் 3இல் இதற்கு நேர் எதிரான வசதி உண்டு. ஒரு மீட்டர், ஒன்றரை, இரண்டு என்று தூரத்தை முன்கூட்டியே குறித்து வைத்துவிட்டு, பட்டனை ஒரே அழுத்தாக அழுத்தினால் ஃபோகஸ் தேடாமல் அந்தத் தூரத்திலேயே படமெடுத்துவிடும். எதைப் பார்க்கப் போகிறோம் என்பது தெரியாவிட்டாலும் எவ்வளவு தூரத்தில் பார்ப்போம் என்பது முடிவாகிவிட்டது. இது நம் ஆய்வு முறைக்கு மிக நெருங்கியது.

இயல் 5: மெகாபிக்சல்

16, 24. ஆறுக்கு நான்கு அங்குலப் படம் அச்சிட 2 போதும். மிச்சம் ஆய்வாளர்களின் தீனி.

இயல் 6: மூடியியல்

ஜிஆர் 3இல் ஆன் செய்தவுடன் லென்ஸ் மூடி தானே விலகி, அணைத்ததும் தானே மூடிக்கொள்கிறது. ஆகவே அந்தக் கேமராவைச் சுற்றி மூடியியல் என்ற துறை எழவே வாய்ப்பில்லை. இதை அதன் மாபெரும் பண்பாட்டுக் குறையாகவே கருத வேண்டும். பி1000க்கோ தனி மூடி. லென்ஸ் வாயின் விட்டம் 77 மி.மீ. என்பதால் மூடி ஏறக்குறைய உள்ளங்கை அகலம். இதைக் கழற்றிய பின் எங்கே வைப்பது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

நெஞ்சுப் பையும் கால்சட்டைப் பையும்
உடனுறை வோள்தன் கைப்பையும் என்றாங்கு
அம்மூன் றென்ப மூடியின் இடமே

என்பது நூற்பா. (செய்தவன் நானே. சுவடியில் கிடைத்தது என்று சொல்லியிருக்கலாம்; அப்படிச் சொல்லிப் பெயர் வாங்கியவர்கள் உண்டு.)

இதற்கு உரை: நெஞ்சுப் பையில் வைத்தவர் குனிந்தால் மூடி விழும். பறவை பார்ப்பவர் அண்ணாந்து பார்ப்பாரே ஒழியக் குனியார் என்பது ஒரு சாரார் தடை. செருப்பில் முள் ஏறினால் குனிவார் என்பது விடை. கால்சட்டைப் பையில் வைத்தவர் உட்கார்ந்ததும் தொடையில் அழுத்த, எடுத்துப் பக்கத்துத் திண்டில் வைப்பார், எழுந்து போவார். மூன்றாவதான கைப்பையை வைப்பிடம் என்று கொள்ளாமல் கைமாற்று என்று கொள்வதே பொருந்தும். அதில் போட்ட மூடி பொட்டு அட்டை, தலைவலித் தைலம், பழைய ரேஷன் கடை ரசீது ஆகியவற்றோடு கலந்து தன் தனித்தன்மையை இழந்துவிடும். "நான் என்ன உங்க மூடி ஸ்டாண்டா?" (மனைவி, வேடந்தாங்கல் கண்காணிப்புக் கோபுரம், மூன்றாம் படி; பிரதி முழுமையாகக் கிடைத்துள்ளது, முகபாவம் மட்டும் பதிப்பிக்கத் தக்கதன்று). இதே கருத்து "அவரவர் சாமானை அவரவர் வச்சுக்கணும்" என்ற வடிவிலும் கிடைக்கிறது (அம்மா, சமையலறை, குரல் மட்டும், குக்கர் விசிலால் நடுவில் இரு சொற்கள் சிதைவு, 'சாமானை' என்பதற்கு 'சனியனை' என்றும் பாடம்).

'கைப்பையும்' என்ற உம்மை எச்சவும்மை ஆகலின், ஆட்டோ சீட்டும் டீக்கடை பெஞ்சும் கொள்க. 'அம்மூன் றென்ப' என்றதனால் நான்காவது இடமும் உண்டெனக் கொள்க. மூன்று என்றதிலிருந்து நான்கை எப்படிக் கொள்வது என்று கேட்கலாகாது. இதைவிடக் குறைந்த ஆதாரத்தில் சங்கப் புலவர்களுக்குச் சொந்த ஊரும் சாதியும் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறோம்.

அந்த நான்காவது இடம் பல். மூடியை வாயில் கவ்விக்கொண்டு படமெடுக்கும் இம்மரபு பிற்காலத்தது. இம்மரபினர் பறவையின் பெயரைச் சொல்ல இயலாதவர். "ம்ம்ம்" என்று திசை மட்டும் காட்டுவர். அந்த "ம்ம்ம்" கூழைக்கடாவா, நத்தைகுத்தி நாரையா என்பதில் உடன் சென்றோரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது (மைத்துனர், வாய்மொழி, எனினும் வாய் அடைபட்டிருந்ததால் இது மெய்ப்பாட்டுச் சான்றாகவே கொள்ளத் தகும்).

மூடியைக் கேமராவோடு சேர்த்துக் கட்டும் சின்னக் கயிறு கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்கிவிட்டால் இவ்வியலே தேவைப்படாது என்பதால் ஆய்வு எல்லையிலிருந்து அது விலக்கப்பட்டது. இவ்வியலின் சுருக்கம் விரைவில் ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கில் வாசிக்கப்படும். பதிவுக் கட்டணம் கட்டியாயிற்று. கட்டுரை அனுப்பும் முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

இயல் 7: பேட்டரி

நிறுவனங்களின் கணக்குப்படி பி1000க்கு 250 படம், ஜிஆர் 3க்கு 200. நம் கணக்குப்படி இரண்டிலும் கிளம்பும் நேரத்தில் சார்ஜ் இருக்காது.

இயல் 8: முடிவு

ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே 2025இல் நிகான் பி1100 வந்துவிட்டது. அதே லென்ஸ், அதே 125 மடங்கு. கண்ணில் படும் பெரிய மாற்றம், சார்ஜ் ஏற்றும் துளை யுஎஸ்பி-சி ஆனதுதான். அட்டையை மாற்றித் திருத்திய பதிப்பு என்று போடும் வழக்கம் ஜப்பானிலும் இருக்கிறது. ரிக்கோவும் அதே ஆண்டில் ஜிஆர் 4ஐ இறக்கிவிட்டது. இரண்டு கேமராவும் பழசாகிவிட்டதால் ஆய்வு முழுமை பெறுகிறது.

கடைக்காரரிடமும் கேட்டுவிட்டேன். "சார், ஜூம் இல்லாத கேமராவா? அதுக்குப் போனே போதுமே" என்றவர், ஐந்து நிமிடம் கழித்து, "இவ்ளோ ஜூம் வச்சுக்கிட்டு என்ன சார் பண்ணப் போறீங்க?" என்றார். இத்துறையில் நடுநிலையோடு பேசிய ஒரே அறிஞர் அவர்தான்.

எனவே, வாசகர்களுக்கு. மாதம் ஒரு தடவையாவது விடியற்காலை ஏரிக்கரையில் போய் நிற்பவர் பி1000 வகையை வாங்குங்கள். அந்த விலைக்கு அவ்வளவு தூரம் வேறெதுவும் எட்டாது. தினமும் தெருவில் நடப்பவர், மனிதர்களுக்கு இரண்டு மீட்டர் அருகில் போகக் கூச்சப்படாதவர், ஜிஆர் வாங்குங்கள். நிலாவின் குழியை ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும் என்பவர் எதையும் வாங்க வேண்டாம். மைத்துனரிடம் இரவல் கேளுங்கள்.