கண்ணாடி போட்ட லோத்தோங்கும் சம்பால் பூசிய திருக்கையும்

என் இரக்கத்துக்கு ஒரு முகம் தேவைப்படுகிறது. அந்த முகம் தட்டில் இருக்கவும் கூடாது.

லங்காவியில் லோத்தோங் குரங்கைப் பார்த்திருப்பீர்கள். சாம்பல் உடம்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். கண்ணாடி போட்ட தோட்டப் பள்ளி வாத்தியார் மாதிரி கிளையிலிருந்து முறைக்கும். குட்டி மட்டும் தங்க மஞ்சளில் பிறந்து, சில மாதம் கழித்துத்தான் தாயின் நிறத்துக்கு வரும். அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அதன் படத்தைக் குடும்ப வாட்சாப் குழுவில் போட்டு, காடழிப்பையும் லோரிக்காரர்களையும் திட்டி ஒரு நீண்ட உரையும் எழுதினேன். பினாங்கு தெலுக் பகாங்கில் 2019-இல் பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு சாலைக்கு மேலே இந்தக் குரங்குகளுக்குப் பாலம் கட்டியதைச் சொல்லி, ஏதோ நானே கட்டியதுபோல் பெருமைப்பட்டேன்.

அன்றிரவே சுங்கைப்பட்டாணியில் ஈக்கான் பாக்கார். வாழையிலையில் சம்பால் பூசிச் சுட்ட திருக்கை. முதல் வாய் வைக்கும்போது மகள் கைப்பேசியை நீட்டினாள். "இதுவும் அதே பட்டியல்லதான் இருக்குப்பா."

திரையில், பழுப்பு முதுகில் வெள்ளைப் புள்ளி, வாலில் கறுப்பு வெள்ளைப் பட்டை. காலைச் சந்தையில் நான் தினமும் பார்க்கும் அதே திருக்கைதான். புரட்டிப் போட்டால் அடியில் சிரித்த முகம் தெரியும். கண் என்று நாம் நினைப்பது மூக்குத் துளை. நிஜக் கண் முதுகுப் பக்கம். சுட்ட துண்டில் இரண்டும் கிடையாது, அதுதான் எனக்கு வசதி.

"கடல் பெருசும்மா" என்றேன். கெம்போங் மீனுக்கு அந்தச் சமாதானம் பொருந்தலாம், அது ஆயிரக்கணக்கில் முட்டையிடும். திருக்கையோ நாளாகித்தான் பருவத்துக்கு வரும், சில குட்டிகளை மட்டுமே ஈனும். பிள்ளை பெறுவதில் லோத்தோங்கும் அதுவும் ஒரே சிக்கனம். குஞ்சு, குமரி பாராமல் வாரிப்போகும் இழுவை வலைக்கு யார் பாலம் கட்டுவது? ஜாவாவில் ஒரு சிறு திருக்கை இனம் இருந்தது. 1862-இல் ஜகார்த்தா மீன் சந்தையில் வாங்கிய ஒற்றை மீனை வைத்துத்தான் அப்படியொன்று இருந்ததே உலகுக்குத் தெரியும். 2023 டிசம்பரில் அது அழிந்தேபோனதாக அறிவித்துவிட்டார்கள். இதையும் மகள்தான் வாசித்துக் காட்டினாள், நான் முள்ளில்லாத பக்கத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது.

அடுத்த வாரம் உறுதியோடு போய், கடைக்காரரிடம் இது எந்த இனத் திருக்கை என்று மலாயில் கேட்டேன். "பாரி லா, பாங்" என்றார், திருக்கைதான் அண்ணே என்று. அந்தப் பதில் எனக்குப் போதுமாக இருந்தது. ஒரு துண்டு கேட்டேன். இரண்டு கட்டிக் கொடுத்தார். நானும் எண்ணிப் பார்க்கவில்லை.