சோலார் பேனலைச் சீக்கிரம் ஒழிக்க ஏழு வழிகள்

நாவலூரில் மொட்டை மாடியில் சோலார் பேனல் போட்டவர்களுக்கு ஒரு பெரிய தொல்லை: அது லேசில் சாவதில்லை. 25 வருடம் கழித்தும் 80 சதவீதத்துக்குக் குறையாமல் கரண்ட் தரும் என்று கம்பெனிக்காரர்களே எழுதிக் கொடுக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் லுகானோ நகரத்தில் 1982-இல் மாட்டிய பேனல்கள் 35 வருடம் தாண்டியும் உழைத்தன. அவ்வளவு நாள் பொறுக்க முடியாதவர்களுக்காக இந்தக் கையேடு.

1. உச்சிவெயிலில் குளிப்பாட்டுங்கள். மே மாத மதியத்தில் பேனல் 60 டிகிரிக்கு மேல் காயும். அப்போது பார்த்துக் குளிர்ந்த தண்ணீரைச் சளாரென்று ஊற்றினால் கண்ணாடி விரிசல் விட வாய்ப்புண்டு. போர் தண்ணீராக இருந்தால் உத்தமம். குளியலறை பக்கெட்டில் படிகிற அதே வெள்ளை உப்பு பேனலிலும் படியும். அதைச் சுரண்டத்தான் கம்பி நாரும் ஆசிட்டும் இருக்கின்றனவே! “வெயில் ஏறுறதுக்கு முன்னாடி நல்ல தண்ணி ஊத்தி, ஸ்பாஞ்ச்ல துடைச்சா போதும் சார்” என்று மாட்ட வந்த தம்பி சொல்வார். தலையை மட்டும் ஆட்டுங்கள்.

2. அல்லது கழுவவே கழுவாதீர்கள். ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலைத் தூசி, அக்கம்பக்கத்துக் கட்டுமான சிமெண்ட், கோவளம் பக்கமிருந்து வரும் உப்புக்காற்று, புறா எச்சம் எல்லாம் இலவசம். ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடுங்கள். மழை தூசியைத்தான் கழுவும். காய்ந்த எச்சத்தை அசைக்காது.

3. இடத்தைச் சித்திரையில் தேர்ந்தெடுங்கள். அப்போது நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். எந்த நிழலும் கண்ணில் படாது. பேனலுக்குத் தெற்கே தண்ணீர்த் தொட்டியையும் வைத்துவிடுங்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாயும்போது தொட்டியின் நிழல் பேனல்மேல் நீளமாகப் படுக்கும். பேனல்கள் வரிசையாக இணைக்கப்பட்டவை. ஒன்று சுணங்கினால் மற்றவையும் சுணங்கும். நிழல் பட்ட செல் கரண்ட் தருவதை விட்டுவிட்டுச் சூடாகிக் கருகவும் கூடும்.

4. மேலே ஏறி நில்லுங்கள். வடாம் காயப்போட இவ்வளவு வழவழப்பான இடம் வேறெங்கே கிடைக்கும்? தீபாவளி வாணம் பார்க்கவும் வசதி. மிதித்தால் உள்ளே சிலிக்கான் செல்லில் மயிரிழை விரிசல் விழும். வெளியே ஒன்றும் தெரியாது, வீட்டில் திட்டும் விழாது.

5. ஸ்டாண்டில் மிச்சம் பிடியுங்கள். துத்தநாகம் பூசிய இரும்பு எதற்கு? சாதா இரும்புக்குப் பெயிண்ட் அடித்தால் கடற்காற்று மற்றதைக் கவனித்துக்கொள்ளும். புயல் காலத்துக்கு முன் போல்ட்டுகளை முடுக்கிப் பார்க்கவே பார்க்காதீர்கள். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையேறியது. அடுத்த புயலுக்கும் வழி தெரியும்.

6. இன்வெர்ட்டரை மேற்கு வெயிலில் மாட்டுங்கள். பேனல் 25 வருடம் என்றாலும் இதற்கு நல்ல நிழலிலேயே 10, 12 வருடம்தான் ஆயுள். வெயிலில் இன்னும் சுருக்கலாம். இ.பி. கரண்ட் போகும்போது பேட்டரி இல்லாத சோலாரும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்காமலிருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். நீங்கள் அதைப் பழுது என்று நினைத்துத் திருப்புளியோடு திறந்துவிடுங்கள்.

7. கணக்குப் பார்க்காதீர்கள். 3 கிலோவாட் போட்டால் மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. வாங்கிக்கொண்டு மறந்துவிடுங்கள். அந்தப் பேனல்களில் வெயில் நாளில் சுமார் 12 யூனிட் வரவேண்டும். ஏழாகக் குறைந்தாலும் மீட்டர் பக்கம் போகாதீர்கள். போனால் கோளாறு அன்றைக்கே தெரிந்து, சரியாகியும் தொலைக்கும். வாரண்டிச் சீட்டைப் பழைய பேப்பரோடு போடவும்.

இந்த ஏழும் தனி வீட்டுக்காரர்களுக்கு. அடுக்குமாடியில் இருப்பவர்கள் இவ்வளவு சிரமப்பட வேண்டாம். பேனலை யார் கழுவுவது என்று அசோசியேஷன் கூட்டத்தில் ஒரு பேச்சை எடுத்தால் போதும். முடிவு வருவதற்குள் 25 வருடம் தானாக ஓடிவிடும்.