தாய் உணவக மெனுவில் மிளகாய்ப் படம்: பெர்லினை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

பெர்லின் நகரத்துத் தாய் உணவகங்களின் மெனுவில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்பு மிளகாய்ப் படம் இருக்கும். சிலவற்றுக்கு இரண்டு. அபூர்வமாக மூன்று. ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே தூரம் எவ்வளவு, மூன்றோடு ஏன் நிறுத்திக்கொள்கிறார்கள், கண்ணில் நீர் கட்டியவர் எத்தனையாவது மிளகாயில் நிற்கிறார் என்பவை அறிஞர் உலகம் கண்டுகொள்ளாமல் விட்ட கேள்விகள். அந்தக் குறையைப் போக்க முற்படுகிறது இக்கட்டுரை.

ஆய்வு எல்லை: பப்பாளிக்காயைச் சீவி இடித்துச் செய்யும் சோம் தாம் மட்டும். தோம் யாம் சூப்பும் பச்சைக் கறியும் எல்லைக்கு வெளியே. பட் தாய் நூடுல்ஸ் இன்னும் வெகு தொலைவில்.

முன்னாய்வுகள்

உறைப்பை அளக்க வழி கண்டவர் அமெரிக்க மருந்தாளுநர் வில்பர் ஸ்கோவில். 1912இல் அவர் மிளகாய்ச் சாற்றில் சர்க்கரைத் தண்ணீரை விட்டுக்கொண்டே போய், நாக்குக்கு உறைப்பு தெரியாமல் போகும் இடத்தைக் குறித்துவைத்தார். அந்தக் கணக்கில் மெக்சிகோவின் ஹலபேன்யோ 2,500 முதல் 8,000 வரை. தாய்லாந்தின் குட்டி மிளகாயான பிரிக் கீ நூ 50,000 முதல் 1,00,000 வரை. மெனு அச்சடிப்பவர் இரண்டையும் ஒரே மாதிரிதான் வரைகிறார்.

அடுத்து அரசாங்கமே களத்தில் இறங்கியது. உலகெங்கும் சுமார் 5,500 தாய் உணவகங்கள் இருந்த 2002ஆம் ஆண்டில், அந்த எண்ணிக்கையை 8,000 ஆக்குவது என்று 'குளோபல் தாய்' திட்டத்தைத் தொடங்கியது தாய்லாந்து. கடைகள் பெருகினால் சுவை கெடுமே என்ற கவலையும் கூடவே வந்தது. வர்த்தக அமைச்சகம் 'தாய் செலக்ட்' என்று முத்திரை வழங்கியது. 2014இல் அந்நாட்டு தேசியப் புத்தாக்க முகமையின் ஆதரவில் சென்சார்கள் பொருத்திய ஒரு பெட்டியே வந்துவிட்டது. அதில் உணவை வைத்தால், அசலுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று நூற்றுக்கு மதிப்பெண் போடும். பெட்டி உணவைத்தான் சோதித்தது, உண்ணப்போகிறவரைச் சோதிக்கவில்லை. இக்கட்டுரை நாற்காலி போட்டு உட்காரும் இடம் அதுதான்.

கருதுகோள்

மிளகாய்ப் படம் உணவின் காரத்தைக் குறிப்பதன்று. வாடிக்கையாளரின் தாங்குதிறன் பற்றிச் சமையலறை வைத்திருக்கும் மதிப்பீட்டைக் குறிப்பது.

சான்றுகள்

பாங்காக் தெருவோரத்தில் சோம் தாம் விற்கும் அம்மாள், "மிளகாய் எத்தனை?" என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்பார். பதில் முழு எண்ணில் வரும். பூண்டும் அத்தனை மிளகாயும் மண் உரலில் முதலில் விழும். மர உலக்கையால் நாலு இடி. பிறகு பனை வெல்லம், காராமணிக்காய், தக்காளி, காய்ந்த இறால், எலுமிச்சைச் சாறு, மீன் சாஸ், கடைசியில் பப்பாளிக்காய்ச் சீவல். கேட்டவர் கண்ணெதிரே எண்ணிப் போடுவதால் பின்னால் வழக்குக்கு இடமில்லை.

பெர்லினில் உரல் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இந்தப் பக்கம் நடப்பது இதுதான்:

"காரமா இருக்கட்டுமா?"

"ம், காரமா."

"ஜெர்மன் காரமா, தாய் காரமா?"

"தாய் காரம்தான்!"

பணிப்பெண் உடனே எழுதுவதில்லை. ஆளை ஒரு முறை பார்க்கிறார். எதிரில் புதுக் காதலி போலத் தெரிகிற ஒருவர் இருக்கிறாரா, பீர் எத்தனையாவது கோப்பை, சட்டை வெள்ளையா என்பதெல்லாம் அந்தப் பார்வையில் அடங்கும். பிறகு உள்ளே போய்த் தாய் மொழியில் ஏதோ சொல்கிறார். உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு கேட்கிறது. மிளகாயின் எண்ணிக்கை அங்கேதான் முடிவாகிறது.

துணைக் கருதுகோள் ஒன்றும் உண்டு. தாய்லாந்தில் சோம் தாம் தனியாக வராது. ஒட்டரிசிச் சோறு, சுட்ட கோழி, முட்டைக்கோஸ் எல்லாம் நடுவில் இருக்க, நாலு பேர் பகிர்ந்து சாப்பிடுவார்கள். காரமும் நாலாகப் பிரிந்துவிடும். பெர்லின் மெனுவோ அதைத் தொடக்க உணவுப் பட்டியலில் போட்டுவிடுகிறது. ஒருவர், ஒரு தட்டு, வெறும் வயிறு. சோறு வருவதற்கு இன்னும் கால் மணி நேரம். மிளகாயில் உறைக்கும் பொருளான கேப்சைசின் தண்ணீரில் கரையாது. பீரும் பெரும்பாலும் தண்ணீர்தான் என்பதால் கோப்பை காலியாகிறதே தவிர நாக்கு ஆறுவதில்லை. கேப்சைசினை நாக்கு 'சூடு' என்றே எடுத்துக்கொள்ளச் செய்யும் ஏற்பியைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தட்டோடு போராடுகிறவருக்கு அதில் ஆறுதல் ஏதும் இல்லை.

எதிர்ச் சான்றையும் பார்க்க வேண்டும். வில்மர்ஸ்டோர்ஃப் பகுதியிலுள்ள பிராய்ஸன் பூங்காவில் 1990களிலிருந்தே தாய்ப் பெண்கள் புல்வெளியில் பாய் விரித்து, குடை நட்டுச் சமைத்து விற்றுவந்தார்கள். ஊரே அதைத் 'தாய்பார்க்' என்றது. பின்னர் நகர நிர்வாகம் முறையான சந்தையாக ஒழுங்குபடுத்தியது. அங்கே வாங்குபவரின் கண்முன்னே உரல் இருந்தது. விரலைக் காட்டினால் போதும். மிளகாய்ப் படத்துக்கு வேலையே இல்லை. ஆக எதிர்ச் சான்றும் கருதுகோளின் பக்கமே சாய்ந்துவிடுகிறது.

மேலாய்வுக்குரிய களங்கள்

ஒன்று: தாய்லாந்து மக்கள் வலக்கையில் கரண்டியும் இடக்கையில் முள்கரண்டியுமாகச் சோறு உண்ணும்போது, பெர்லின்காரர் குச்சி கேட்டு வாங்கி அதே சோற்றோடு மல்லுக்கட்டுவது ஏன்? இரண்டு: மூக்கைத் துடைத்துத் துடைத்து முகம் சிவந்தவர், பில்லோடு வந்து "நல்லா இருந்ததா?" என்று பணிப்பெண் கேட்டதும், "பிரமாதம்!" என்பது ஏன்? இரண்டாவதை ஆராய நிதி நல்கை தேவையில்லை. துணிந்த நாக்கு ஒன்றும், முன்கூட்டியே சொல்லிவைத்த ஒரு கிண்ணம் ஒட்டரிசிச் சோறும் போதும்.