பாதி விலைப் பண்டிதர்

டோக்கியோவில் ஜப்பானிய மொழி படிக்கப் போயிருக்கும் நம் ஊர் மாணவரைக் கண்டுபிடிப்பது சுலபம். ராத்திரி எட்டு மணிக்கு சூப்பர் மார்க்கெட்டின் சாப்பாட்டு அலமாரி ஓரமாக, சாமி புறப்பாட்டுக்குக் காத்திருப்பவர் போல நிற்பார். கடைப் பணியாளர் ஸ்டிக்கர் கட்டோடு வருவார். 20 சதவீதத் தள்ளுபடிக்கெல்லாம் இவர் அசைய மாட்டார். ‘ஹங்கக்கு’ ஒட்டியதும்தான் கை நீளும். பாதி விலை என்று அர்த்தம். அந்த இரண்டு கஞ்சி எழுத்துகளையும் வகுப்பில் இன்னும் நடத்தவில்லை. (எழுத்துக்குப் பெயரே கஞ்சிதான், இவர் படித்ததும் அதற்காகத்தான்.)

இவருக்கு வாத்தியார் காசுதான். 2019 அக்டோபரிலிருந்து அங்கே கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் வரி 10 சதவீதம், பொட்டலமாக வாங்கிப் போனால் 8. அந்த இரண்டு சதவீதம் ‘மோச்சிகாயேரி’ என்ற சொல்லை ஒரே நாளில் மனப்பாடம் செய்ய வைத்தது. பிளாஸ்டிக் பைக்கு 2020 ஜூலையிலிருந்து தனிக் காசு. பை வேண்டுமா என்று கல்லாவில் கேட்டால், வேண்டாம் என்று தலையாட்டுவார். நம் ஊர்த் தலையாட்டல் ஆமாவா இல்லையா என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? போயிற்று சில யென்.

பெரிய தொகை வந்தால்தான் ஆள் திணறுவார். பத்தாயிரத்தை ‘மன்’ என்று தனி அலகாக எண்ணுவது ஜப்பானியர் வழக்கம். நம் லட்சம் அங்கே ‘ஜூ மன்’, பத்து மன். வாடகை ‘ரொக்கு மன்’ என்று வீட்டுக்காரர் சொன்னதும், அதை அறுபதாயிரமாக்கி, ரூபாயாக்கி, அப்பாவின் சம்பளத்தோடு வைத்துப் பார்த்து, பெருமூச்சு விட்டு நிமிர்வதற்குள் அவர் குப்பை போடும் விதிகளுக்குப் போயிருப்பார்.

படிக்க வந்தவர் அனுமதி வாங்கி வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை செய்யலாம். அந்தப் பகுதிநேர வேலைக்கு ‘அருபைதோ’ என்று பெயர். அது ஜெர்மானியச் சொல். இவரோ ஜப்பானிய மொழி என்று நம்பி உழைக்கிறார். 2024 அக்டோபரில் டோக்கியோவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,163 யென் ஆனது. அன்றிலிருந்து இவருக்கு விலையெல்லாம் நிமிஷக் கணக்கு. அந்தக் கூலியில் ஆயிரம் யென் ராமென் என்றால் ஐம்பத்திரண்டு நிமிஷப் பாத்திரம். அதனால் வாங்குவது ‘மோயாஷி’, அதாவது முளைவிட்ட பயறு. அங்கே அதைவிட மலிவான காய்கறி கிடைப்பது அபூர்வம்.

“என்னடா பொரியல் இன்னைக்கு?”

“மோயாஷிம்மா.”

“பேரே பெரிசா இருக்கே. விலை ஜாஸ்தியாடா?”

ஜப்பானிய மொழித் திறன் தேர்வு நெருங்கினால் கோயிலுக்கும் போவார். நடுவில் ஓட்டை போட்ட ஐந்து யென் நாணயத்துக்கு ‘கோ என்’ என்று பெயர். நல்ல தொடர்பு என்பதற்கும் அதே உச்சரிப்பு. அதனால் உண்டியலில் அதைப் போடுவது ராசி. ஜப்பானியர் கண்டுபிடித்த பழக்கங்களில் இவர் மனமாரப் பின்பற்றுவது இது ஒன்றைத்தான். தேர்வில் ஐந்து படிகள் உண்டு. இவர் எழுதுவது என்-5, ஆகக் கீழ்ப்படி. போட்ட காசுக்குச் சரியாகத்தான் இருக்கிறது.