மருமகன் கட்டிய கொசு மாளிகை

வாங்க மாப்ளே, திண்ணையில உட்காருங்க. கிரகப்பிரவேசம் ஜாம்ஜாம்னு நடந்துச்சு. பத்திரிகை வைக்காத சனமும் ராத்திரி பந்திக்கு வந்துச்சே, கவனிச்சீங்களா? காதுகிட்ட கச்சேரியும் பண்ணிட்டுப் போச்சு.

குத்தம் சொல்லல. சன்னலுக்கெல்லாம் வலை அடிச்சிருக்கீங்க. அறைக்கு ஒரு கொசு மருந்து, செவுத்துல சொருகி லைட்டு எரியுது. கொல்லையில செப்டிக் டேங்க் காத்துக்குழாய் மட்டும் வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்துக்கிட்டு நிக்குது. அதுக்கு ஒரு சாண் வலை கட்ட மனசு வரல. வாசல்ல காவல், கொல்லையில கொசுவுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி! உங்களை மட்டும் சொல்லி என்ன, நம்ம தெருவுல பாதிப்பேர் அப்படித்தான்.

டெங்குக் கொசு ஆசாரம் பார்க்கும். தேங்கின நல்ல தண்ணியா தேடும். யானைக்கால் கொசுவுக்கு அந்த மடியெல்லாம் கிடையாது. க்யூலெக்ஸ்னு பேரு. சாக்கடையும் செப்டிக் டேங்கும்தான் அதுக்குக் காவேரிப் படித்துறை.

'யானைக்கால் இப்ப எங்க மாமா இருக்கு?'ன்னு கேப்பீங்க. கும்பகோணத்துப் பக்கம் பொண்ணு எடுத்தா முகத்துக்கு முன்னாடி காலைப் பாருன்னு கேலி பேசின காலம் உங்களுக்குத் தெரியாது. 1955-லயே சர்க்கார் இதுக்குன்னு தனித் திட்டம் போட்டுச்சு. அப்புறம் வருஷத்துக்கு ஒருதரம் வீடு தேடி வந்து மாத்திரை கொடுத்தாங்க. நாம விவரமானவங்க. நர்சம்மா தெருமுனை திரும்புற வரைக்கும் முந்தானையில முடிஞ்சிருக்கும், திரும்பினதும் குப்பையில கிடக்கும். முழுங்கின சிலபேருக்குக் காய்ச்சல் அடிச்சுதா, மாத்திரையில விஷம்னு புரளி வேற. ரத்தத்துல இருக்கிற யானைக்கால் குட்டிப்புழு கூட்டமா சாகறப்ப உடம்பு ரெண்டு நாள் காயத்தான் செய்யும்.

அந்தப் புழு இருக்கே, மகா கைகாரன். பகல்ல நுரையீரல் பக்கம் பதுங்கிக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேலதான் தோலுக்கடியில ஓடுற ரத்தத்துக்கு வரும். நம்ம கொசுவும் ராத்திரிதான் கடிக்கும். சம்பந்தி வீட்டுக்காரங்க பேசி வச்ச மாதிரி!

அதனாலதான் ரத்தம் எடுக்கிறவங்களும் ராத்திரியில வந்தாங்க. எனக்கு அப்ப இருபது வயசு. டார்ச் வெளிச்சத்தைப் பார்த்ததும் வைக்கோல்போருக்குப் பின்னால பாய்ஞ்சவன்தான். விரல்ல ஒரு சொட்டு ரத்தம் கொடுக்கப் பயந்து, விடியவிடிய அங்க கொசுவுக்குப் படியளந்தேன். ஒரு கடியில எல்லாம் கால் வீங்கிடாது மாப்ளே. மாசக்கணக்கா, வருஷக்கணக்கா கடிபடணும். அந்தப் பொறுமை நம்ம பரம்பரைச் சொத்தாச்சே!

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கைக்காரங்க 2016-லயே, யானைக்கால் இனி எங்க ஊர்ப் பிரச்சினை இல்லைன்னு உலக சுகாதார நிறுவனத்துக்கிட்ட சான்று வாங்கிட்டாங்க. அங்க மட்டும் கொசு இல்லையா என்ன?

சரி, காபி ஆறுது, குடிங்க. உங்க அத்தை வலைத்துண்டும் கட்டுக்கம்பியும் எடுத்து வச்சிருக்கா. நானே ஏறிக் கட்டிடுவேன். ஆனா இந்த இடது கால் ஐயாவைத் தினம் சோப்பு போட்டுக் குளிப்பாட்டி, விரலிடுக்குல ஈரம் போக ஒத்தித் துடைச்சு, ராஜா மாதிரி வச்சிருக்கேன். அவரு கனத்தை உங்க மூங்கில் ஏணி தாங்காது. நான் கீழே பிடிச்சுக்கறேன், நீங்க ஏறுங்க.