11 நிமிஷக் கதாநாயகர்

புரூஸ் லீ காலமானது 1973 ஜூலையில். அவரைக் கதாநாயகராகக் கொண்ட 'கேம் ஆஃப் டெத்' வெளிவந்தது 1978-இல். நடிகர் இல்லை என்ற அற்பக் காரணத்துக்காகப் படத்தைக் கைவிடாத ஹாங்காங் தயாரிப்பாளர்களின் சிரத்தையை எவ்வளவு சிலாகித்தாலும் தகும். அவர் முன்பே எடுத்துவைத்திருந்த சண்டைக் காட்சிகளில் சுமார் 11 நிமிஷத்தை இறுதியில் வைத்து, மீதி ஒன்றரை மணி நேரத்தைப் பெரும்பாலும் வேறொருவரின் கறுப்புக் கண்ணாடியாலும் ஒட்டுத் தாடியாலும் முதுகுப்புறத்தாலும் நிரப்பி, விளம்பரத்தில் மட்டும் அன்னாரது திருநாமத்தைப் பூரணமாகப் பொறித்தார்கள். ஓரிடத்தில், நிலைக்கண்ணாடியில் தெரியும் உருவத்தின் கழுத்துக்கு மேலே அவருடைய முகத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அந்த முகம் இமைப்பதில்லை; அமரர்கள் இமைப்பதில்லை என்று நம் புராணங்கள் சொல்வது பொய்யா? கதைப்படி நாயகன் இறந்ததாகப் பாசாங்கு செய்யும் கட்டத்துக்கு அவரது மெய்யான மரணச் சடங்கின் காட்சியையே சேர்த்தது யதார்த்தத்தின் சிகரம்.

உயிரோடிருக்கும் நட்சத்திரங்களால் எத்தனை உபத்திரவம்! தாமதமாக வருவார்கள், சம்பளத்தை உயர்த்துவார்கள், வசனத்தை மாற்றச் சொல்வார்கள். காலமானவரோ ஒட்டிய இடத்தில் இருப்பார்.

1981-இல் இரண்டாம் பாகமும் வந்தது. அதில் அந்த நாயகனைப் பாதியிலேயே சாகடித்துவிட்டு, எஞ்சிய கதையை அவன் தம்பியிடம் ஒப்படைத்தார்கள். விளம்பரத்தில் முதற்பெயர் அப்போதும் புரூஸ் லீதான்.